எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு கேபிள் கேளுங்கள்

இன்று கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

என்னிடம் படித்த ஒருவர் கட்டட வேலைக்குப் போகிறார். அவருடைய மகள் பதினொன்றாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு. வீட்டில் 2 ஜிபி ராம் உள்ள ஒரு பழைய லேப்டாப். கடைக்காரர் பார்த்துவிட்டு, "விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் வராது, 11 இதுல ஏறாது. எடைக்குப் போட்டுட்டு புதுசு வாங்கிடுங்க" என்றாராம்.

முதல் இரண்டும் சரி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மூன்றாவதுதான் அநியாயம்.

ஆன்ட்டிஎக்ஸ் என்ற எடை குறைந்த லினக்ஸைப் போட்டோம். பழைய மெஷினுக்கென்றே செய்தது. நன்றாக ஓடியது. ஆனால் வைஃபை எடுக்கவில்லை. சில வைஃபை சிப்புகளுக்குத் தனியாக ஒரு ஃபர்ம்வேர் கோப்பு வேண்டும். அது இல்லாவிட்டால் சிப் பேசாது.

லினக்ஸ் தெரிந்த தம்பிகளைக் கேட்டேன். "நெட்ல இருந்து இறக்கிக்கோங்க சார்!" கிணற்றில் விழுந்தவனிடம், மேலே ஏறி வந்து கயிறு வாங்கிக்கொண்டு போ என்பதுபோல இருக்கிறது. இப்படிப் பதில் சொல்லிவிட்டு, லினக்ஸை யாரும் தொடுவதில்லை என்று புலம்புவதில் என்ன நியாயம்?

தீர்வு அந்த அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. ஆண்ட்ராய்டு ஃபோனை சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் இணையுங்கள். ஃபோன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதைத் தொடுங்கள். கேபிள் செருகினால்தான் அது உயிர்பெறும். இதற்கான டிரைவர் பெரும்பாலும் லினக்ஸ் கெர்னலோடு சேர்ந்தே வருகிறது; எதையும் இறக்க வேண்டாம். லேப்டாப் அதைக் கம்பிவழி இணைப்பாகவே பார்க்கும். தானாகப் பிடிக்காவிட்டால், நெட்வொர்க் அமைப்பில் 'யுஎஸ்பி0' அல்லது 'ஈத்1' போன்ற பெயரைத் தேர்ந்தெடுத்து டிஹெச்சிபி கொடுங்கள். அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை: சில மலிவான கேபிள்களில் சார்ஜ் ஏற்றும் கம்பி மட்டுமே இருக்கும், டேட்டா போகாது. எங்களுக்கு முதல் கேபிள் அப்படித்தான் ஏமாற்றியது. இன்னொன்று: டேட்டா உங்கள் ஃபோன் கணக்கில்தான் கழியும். பெரிய அப்டேட்டுகளை ஒரே நாளில் போடாதீர்கள்.

"ஃபோனிலேயே நெட் இருக்கே, லேப்டாப் எதுக்கு?" என்பவர்கள், ஒரு முப்பது வரி சி++ நிரலை ஃபோனில் அடித்துப் பாருங்கள். பிறகு பேசலாம்.

மதர்போர்டு போன மெஷினை எடைக்குப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓடுகிற மெஷினைக் குப்பை என்று சொல்லி, கூலிக்காரர் தலையில் கடனை ஏற்றாதீர்கள். நானும் பல ஆண்டுகள் கணினிப் பாடத்தைக் கரும்பலகையில் படம் போட்டே நடத்தியவன்தான். அந்தக் குற்ற உணர்வில்தான் சொல்கிறேன்.

அந்தப் பெண் அன்று மாலையே ஃபர்ம்வேரை இறக்கி, வைஃபையையும் எழுப்பிவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.