பந்தை மட்டும் தட்டு என்பவர்களுக்கு

2023 பிப்ரவரி 7 அன்று லெப்ரான் ஜேம்ஸ், கரீம் அப்துல் ஜப்பாரின் 38,387 புள்ளிகளைக் கடந்தார். 1984 ஏப்ரலில் வில்ட் சேம்பர்லைனிடமிருந்து கரீம் பெற்ற முதலிடம் ஏறத்தாழ 39 ஆண்டுகள் அவரிடமே இருந்தது. அதையொட்டி விளையாட்டுப் பக்கங்கள் அவரை வழக்கம்போல் எண்களாகத் தொகுத்துக் கொடுத்தன: இருபது பருவங்கள், ஆறு கோப்பைகள், ஆறு முறை ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர். இந்தப் பட்டியலின் அடியில் பல்லாண்டுகளாக ஒட்டிக்கொண்டிருக்கும் குறிப்பு ஒன்றும் உண்டு. நெருங்க முடியாதவர், சிடுமூஞ்சி, ரசிகனைப் பார்த்துச் சிரிக்கத் தெரியாதவர் என்பது அது. இக்கட்டுரை அந்தக் குறிப்புக்கும், அதைப் பெற்றெடுத்த மனநிலைக்கும் எதிரானது.

விளையாட்டு வேறு, அரசியல் வேறு. ஆடுகிறவன் ஆடட்டும், எழுதுவதை எழுத்தாளர்களிடம் விட்டுவிடட்டும் என்ற வாதத்தை விளையாட்டு ரசிகர்கள் மட்டும் சொல்வதில்லை. இலக்கியம் வாசிக்கிற நண்பர்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன். உடலால் பெயர் பெற்றவனுக்குச் சிந்தனை இரவல் சரக்கு என்பது இவர்களின் எண்ணம். கரீமின் வாழ்க்கையில் எந்த இடத்தில் கத்தியை வைத்து ஆட்டத்தையும் அரசியலையும் எழுத்தையும் தனித்தனியாக அறுத்தெடுப்பது என்று இவர்கள்தான் காட்ட வேண்டும்.

1947இல் நியூயார்க்கில் லூ அல்சிண்டராகப் பிறந்தவர் அவர். தந்தை ஜூலியார்ட் இசைப்பள்ளியில் பயின்று ஜாஸ் இசையில் ஊறியவர். பிழைப்புக்குச் சுரங்க ரயில் காவல்துறையில் பணியாற்றினார். 1964 கோடையில், பதினேழு வயதில், ஹார்லெமின் இளைஞர் திட்டமொன்றின் இதழுக்கு லூ செய்தியாளராகச் சேர்ந்தார். மார்ட்டின் லூதர் கிங்கின் செய்தியாளர் சந்திப்பில் குறிப்பேட்டோடு நின்றார். அந்த ஜூலையில் ஹார்லெம் கலவரம் வெடித்தபோது அதை நேரில் கண்டார். எழுத்து அவருக்கு ஓய்வுக்காலப் பொழுதுபோக்கு என்பவர்கள் இந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். தொழில்முறை ஆட்டக்காரராக முதல் சம்பளம் வாங்குவதற்கு ஐந்தாண்டுகள் முன்பே அவர் செய்தியாளர். அதே பள்ளிப் பருவத்தில், அவர் பெரிதும் மதித்த வெள்ளைக்காரப் பயிற்சியாளர் ஒருவர், ஆட்டத்தின் இடைவேளையில் கறுப்பர்களை இழிவுபடுத்தும் அந்தச் சொல்லால் அவரைச் சாடினார். கரீமே இதைப் பதிவு செய்திருக்கிறார். அரசியல் அவரைத் தேடி ஆடுகளத்தின் உடைமாற்றும் அறைக்குள்ளேயே வந்தது. அதை வெளியே நிறுத்திவைக்கும் வசதி அவருக்கு ஒருநாளும் தரப்படவில்லை.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் அணிக்காக அவர் மூன்று பருவங்கள் ஆடினார். 88 வெற்றி, இரண்டே தோல்வி, மூன்று தேசியப் பட்டங்கள். முதல் பட்டம் வென்ற 1967இலேயே கல்லூரி ஆட்டங்களில் ‘டங்க்’ தடை செய்யப்பட்டது. வளையத்துக்கு மேலே எழும்பிப் பந்தை உள்ளே திணிக்கும் அந்த முறை 1976 வரை கல்லூரிக் களங்களுக்குத் திரும்பவில்லை. ஆட்டக்காரர்களுக்கு நேரும் காயமும் வளையத்துக்கு ஏற்படும் சேதமும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அந்த விதி மக்கள் வாயில் அவர் பெயராலேயே வழங்கியது. கறுப்பின ஆட்டக்காரர்கள் பொலிந்து விளங்கிய ஒரு கலையைக் குறிவைத்த விதி அது என்று அவர் கருதினார். விதி எழுதுகிறவர்களுக்கு அரசியல் செய்ய உரிமை உண்டு, அந்த விதியின் கீழ் ஆடுகிறவனுக்கு மட்டும் இல்லையா? சிறுவயதிலேயே பழகத் தொடங்கியிருந்த ‘ஸ்கைஹூக்’ வீச்சை அவர் இக்காலத்தில் மேலும் செம்மைப்படுத்தினார். உடலைப் பக்கவாட்டில் திருப்பி, ஒற்றைக் கையை முழுவதும் உயர்த்தி, எதிராளியின் விரல் எட்டாத உயரத்திலிருந்து பந்தை வளைத்து இறக்கும் வீச்சு அது. எல்லாரும் வியந்த அந்த அழகுக்குப் பின்னால் ஒரு தடையின் வரலாறும் இருக்கிறது.

அதே 1967 ஜூனில், வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்த முகமது அலிக்கு ஆதரவாகக் கிளீவ்லாந்தில் கறுப்பின விளையாட்டு வீரர்கள் கூடினர். ஜிம் பிரவுன், பில் ரசல் போன்ற மூத்தவர்களுக்கு நடுவே அமர்ந்திருந்த கல்லூரி மாணவர் இவர். அடுத்த ஆண்டு, மெக்சிகோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஆட மறுத்தார். அந்தக் கோடையில் நியூயார்க்கின் தெருக்களில் சிறுவர்களுக்குக் கூடைப்பந்து கற்றுக்கொடுத்தார். இதைப் பற்றித் தொலைக்காட்சியில் கேட்டபோது, இங்கே வாழ்ந்தாலும் இது உண்மையில் என் நாடாக இல்லை என்ற பொருளில் பதில் சொன்னார். அப்படியானால் இடம்பெயர்ந்து போக வேண்டியதுதான் என்றார் நிகழ்ச்சியாளர். நாட்டைக் குறைசொன்னால் நாட்டைவிட்டுப் போ என்கிற இந்தக் குரலை அடையாளம் காண நமக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

1971இல் மில்வாக்கி அணிக்குக் கோப்பை வென்று தந்த கையோடு, கரீம் அப்துல் ஜப்பார் என்ற பெயரைப் பொதுவெளியில் ஏற்றார். இஸ்லாத்தைத் தழுவி மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. அல்சிண்டர் என்பது தம் முன்னோரை அடிமைகளாக வைத்திருந்த பிரெஞ்சுத் தோட்ட முதலாளியின் பெயர் என்று அவர் விளக்கினார். பழைய பெயரையே விரும்பியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது வெற்றியும் கைதட்டும் மட்டுமே, அந்தப் பெயருக்குப் பின்னாலிருந்த அடிமை வரலாறு தேவைப்படவில்லை.

இனி அந்தச் ‘சிடுமூஞ்சி’ குற்றச்சாட்டு. அது முழுப் பொய் என்று நான் வாதிடவில்லை. செய்தியாளர்களிடம் அவர் இறுக்கமாகவே இருந்தார். 1977இல் தம்மை முழங்கையால் இடித்த எதிரணி ஆட்டக்காரரைக் குத்தித் தம் கையையே முறித்துக்கொண்டவரும் அவர்தான். ஆனால் 1973 ஜனவரியில், தம் சமய ஆசானுக்காக அவர் வாஷிங்டனில் வாங்கிக் கொடுத்த வீட்டில், பச்சிளங் குழந்தைகள் உட்பட ஏழு பேர் கொலை செய்யப்பட்டனர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அத்தனைக்கும் நடுவே ஆடுகளத்தில் நின்றவரிடம் புன்னகை போதவில்லை என்று எழுதுவதற்கு ஒரு தனித் தடித்தனம் வேண்டும். கறுப்பு உடல் களிப்பூட்டியே ஆக வேண்டும் என்ற பழைய எதிர்பார்ப்பின் இன்னொரு பெயர்தான் அந்தக் குற்றச்சாட்டு.

அதற்கு அவர் கொடுத்த விலை சிறிதல்ல. 1989இல் ஓய்வுபெற்ற அவருக்கு, என்.பி.ஏ. அணி எதுவும் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பைத் தந்ததில்லை. 1998இல் அரிசோனாவின் வைட் மவுண்டன் அப்பாச்சி பழங்குடியினரின் நிலத்தில், ஒரு பள்ளி அணிக்குத் துணைப் பயிற்சியாளராகச் சென்றார். அந்த அனுபவம் 2000இல் நூலாயிற்று.

இங்கேதான் இலக்கிய நண்பர்கள் குறுக்கிடுவார்கள்: அவருடைய நூல்கள் பலவும் இணை ஆசிரியர்களோடு எழுதப்பட்டவைதானே? ஆம். அவரை மாபெரும் நடையாளர் என்று நிறுவுவது என் வேலையில்லை. அவர் எதைப் பற்றி எழுதத் தேர்ந்துகொண்டார் என்பதைப் பாருங்கள். 2004இல் வந்த நூல், இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பாவில் போரிட்ட 761ஆம் டாங்கிப் படையைப் பற்றியது. கறுப்பின வீரர்களைக் கொண்ட அந்தப் படைக்கு உரிய அரச அங்கீகாரம் 1978இல்தான் கிடைத்தது. 2007இல் வந்த நூல் ஹார்லெம் மறுமலர்ச்சியைப் பற்றியது. லாங்ஸ்டன் ஹியூஸையும் ஸோரா நீல் ஹர்ஸ்டனையும் நாம் அறிவோம். அதே ஹார்லெமில், ரெனசான்ஸ் நடன அரங்கின் தரையிலேயே கூடைப்பந்து ஆடிய ‘ரென்ஸ்’ என்ற கறுப்பின அணியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஆட்டம் முடிந்ததும் அதே தரையில் நடனம் தொடங்கும். 1923இல் உருவான அந்த அணி 1939இல் தொழில்முறை உலகப் போட்டியை வென்றது. கவிதையும் ஜாஸும் பந்தும் ஒரே தெருவில் ஒரே மக்களின் எழுச்சியாக இருந்தன என்பதைக் கவிஞர்களின் வரலாற்றை எழுதியவர்கள் அடிக்குறிப்பில் விட்டிருந்தார்கள். அதை நூலின் மையத்துக்குக் கொண்டுவர ஓர் ஆட்டக்காரர் வேண்டியிருந்தது. தன்வரலாற்றுக்கே ஜான் கோல்ட்ரேனின் இசைத்தட்டின் பெயரைச் சூட்டியவருக்கு இவை தனித்தனி உலகங்களாக ஒருபோதும் தோன்றவில்லை.

2018இல் லெப்ரான் ஜேம்ஸ் தம் நாட்டின் அதிபரை விமர்சித்தபோது, வாயை மூடிக்கொண்டு பந்தைத் தட்டு என்று ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியாளர் சொன்னார். 1968க்கும் இதற்கும் இடையே சரியாக ஐம்பது ஆண்டுகள். கரீமின் புள்ளிகளை ஒருவர் முறியடித்துவிட்டார். நாளை அவரையும் வேறொருவர் முறியடிப்பார். எண்களின் இயல்பு அது. அந்தத் தொலைக்காட்சிக் கட்டளை மட்டும் இன்னும் முறியடிக்கப்படவில்லை. எண்பது வயதை நெருங்கும் கரீம் இன்றும் அதை மறுத்து எழுதிக்கொண்டிருக்கிறார். அவரைப் பாராட்ட விரும்புகிறவர்கள் புள்ளிப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, அந்த ஹார்லெம் நூலைத் தேடிப் படிக்கலாம்.