விளிம்பைப் படியுங்கள்!

கோரிப்பாளையத்தில் எங்கள் தெருப் பாட்டி, பேத்தியின் கொலுசுக்காக ஒரு பழைய வெள்ளிப் பதக்கத்தை உருக்கக் கொடுக்க இருந்தார். வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் குதிரைவீரன், 1914, 1918. முதல் உலகப்போரில் பணியாற்றியவர்களுக்கு பிரிட்டிஷ் அரசு கொடுத்தது.

செல்போன் கேமராவில் விளிம்பைப் பெரிதாக்கினேன். எண், பதவி, பெயர், படைப்பிரிவு என எல்லாம் ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. வாசிக்க வாசிக்கப் பாட்டி, “எங்க தாத்தா பேருல்ல அது!” என்றார்.

எதிரணி ஜெர்மானியர் வாங்கிய இரும்புச் சிலுவையில் மகுடமும் 1914-ம் இருக்கும். வாங்கியவர் பெயர் பொதுவாக இருக்காது. நம் வீட்டுப் பதக்கத்தில் ஆளே இருக்கிறார்.

உங்கள் டிரங்குப் பெட்டியிலும் இருக்கலாம். புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எடை போடும் முன் விளிம்பைப் படியுங்கள். கொலுசுக்கு வேறு வெள்ளி கிடைக்கும்.