சவுண்ட் கார்டில் பழியைப் போடாதேங்கோ

'உந்த லப்டொப்பில ரெக்கோர்டிங் சரிவராது, நல்ல இன்டர்பேஸ் ஒண்டு வாங்குங்கோ.' வீட்டில் பாட்டுப் பதியும் எங்களில் எத்தனை பேர் இந்தத் தீர்ப்பைக் கேட்டிருப்பம்? மிருதங்கம் பதிஞ்சாச்சு. அதுக்கு மேலே பதிஞ்ச குரல் பிந்தி நிற்குது, கூடவே ஒரு உறுமல். உடனே சவுண்ட் கார்ட் குற்றவாளி. சோதிச்சுப் பார்த்தது யார்? ஒருத்தருமில்லை.

இந்தப் பழக்கத்தைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

பாடும்போது ஹெட்போனில் சொந்தக் குரல் பிந்திக் கேட்டால் முதலில் பஃபர் அளவைப் பாருங்கோ. 48,000 ஹேர்ட்ஸில் 1024 என்று இருந்தால் 21 மில்லிசெக்கன். குரல் உள்ளே வந்து வெளியே போக 40ஐத் தாண்டிவிடும். 128 ஆக்கினால் ஒரு வழிக்கு 3க்கும் குறைவு. படபடவென்று சத்தம் வந்தால் ஒரு படி கூட்டுங்கோ.

பதிஞ்ச ட்ராக்கே பிந்தி நிற்குதா? அது வேறை பிரச்சினை. வொலியூமை நல்லாக் குறைச்சு, வெளியீட்டைக் கேபிளால் உள்ளீட்டில் கொழுவி, ஒரு கிளிக் சத்தத்தைப் பதியுங்கோ. மூலத்துக்கும் பதிவுக்கும் உள்ள இடைவெளியை அளந்து மென்பொருளில் கொடுத்தால் சரி. இலவசமாகக் கிடைக்கும் ஓடாசிற்றியிலேயே அதுக்கு இடமிருக்கு.

உறுமலா? சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓட்டிப் பாருங்கோ. நிண்டுதெண்டால் கோளாறு கரண்ட் வரும் வழியில். புதுக் கார்ட் வாங்கினாலும் அதே உறுமல் திரும்பி வரலாம். அதுக்காக ஏர்த் பின்னை முறிக்காதேங்கோ, உயிராபத்து.

எட்டு மைக்கில் ஒரே நேரம் ட்ரம்ஸ் பதிய வேண்டுமென்றால் எட்டு உள்ளீடு வேணும்தான், மறுக்கேல்லை. ஆனால் நாங்கள் ஒவ்வொன்றாகப் பதிஞ்சு அடுக்குகிறவர்கள். அதுக்கு ஒரு உள்ளீடே போதும். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' வீட்டில் நான்கு ட்ராக் கசெற் மெஷினில் பதிஞ்சது.

தெரிஞ்ச ஆக்கள் இந்த அரை மணித்தியாலச் சோதனையைச் சொல்லிக் கொடுக்காமல் விலைப்பட்டியலை நீட்டுறதால், காசில்லாத பிள்ளையின் பாட்டு பதியப்படாமலே போகுது. 'காசு சேர்ந்த பிறகு பதியலாம்' என்கிறார்கள். தம்பியின்ர ராப் காத்திருக்கும். அம்மம்மாவின்ர தாலாட்டு காத்திருக்குமா?

முதலில் கேபிளை மாத்திப் பாருங்கோ. கண்டுபிடிச்சதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் காட்டுங்கோ. கடைக்குப் போறது கடைசி வேலை.