ஊர்ப் பிள்ளைக்கு ஒரு பதில் போடுங்கள்

பெரம்பலூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் பாடம் நடத்துகிறேன். இறுதியாண்டுப் பிள்ளைகள் லிங்க்ட்இன்னில் யாருக்கு என்ன எழுதுகிறார்கள் என்று கேட்டு வாங்கிப் படிப்பேன். பெரும்பாலும் ஒரே வரிதான்: "சார், ஐ ஆம் ஃபைனல் இயர் மெக்கானிக்கல். எனி வேகன்சி சார்?" இதையே கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டு, ஒருத்தர்கூட பதில் போடவில்லை என்று சோர்ந்துபோய் வருகிறார்கள்.

அவர்கள் வீட்டை அறிந்தவர்களுக்கு அந்த வரி எங்கிருந்து வருகிறது என்று தெரியும். அப்பாவுக்கு ஆலத்தூர்ப் பக்கம் கொஞ்சம் சின்ன வெங்காயம், இல்லையென்றால் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி. குடும்பத்தில் முதல் பட்டதாரி. "தெரிஞ்ச ஆள் யாராச்சும் இருந்தா சொல்லிவிடுங்க" என்பதுதான் இங்கே வேலை தேடும் முறை. 1979-இல் வந்த அரசு சிமெண்ட் ஆலையில் தொடங்கி அரியலூரைச் சுற்றி எத்தனையோ ஆலைகள்; ஒரு சூப்பர்வைசரைத் தெரிந்தால் காண்ட்ராக்டில் ஏதாவது கிடைக்கும். ஆனால் அந்தச் சூப்பர்வைசரைத் தெருவுக்கே தெரியும். காலியிடம் பற்றிய சேதி நம் காதுக்கு வரும்போது சித்தப்பா மகனுக்கும் எதிர்வீட்டுப் பையனுக்கும் வந்திருக்கும்.

அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரையின் சாரமே இதுதான். நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும். புதுச் சேதி சற்றுத் தள்ளியிருக்கும் அறிமுகங்களிடமிருந்து வருகிறது. லிங்க்ட்இன்னில் சுமார் 2 கோடிப் பேரை ஐந்தாண்டு கவனித்த ஆய்வொன்று 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. மிக நெருங்கியவர்களைவிட, ஓரளவு மட்டும் பழக்கமானவர்களே புது வேலைக்கு அதிகம் உதவியிருந்தார்கள்.

சென்னைப் பிள்ளைக்கு அப்படி ஓர் அறிமுகம் அடுக்குமாடி லிஃப்டிலேயே கிடைத்துவிடும். பெரம்பலூர் 1995-இல் தனி மாவட்டமாகியும் இன்றுவரை நகருக்கு ரயில் கிடையாது. எங்கள் பிள்ளைகளுக்குக் கைப்பேசிதான் வழி.

செந்துறைப் பக்கத்து மாணவி ஒருத்தி வேலையே கேட்காமல் எழுதினாள். ப்ராஜெக்டுக்காக ஒரு க்ரஷருக்குப் போய்வந்தவள். அங்கே கன்வேயர் ரோலர் பேரிங்குகள் அடிக்கடி பிடித்துக்கொண்டதைக் கவனித்திருந்தாள். தூசி உள்ளே போவதுதான் காரணம் என்று தனக்குத் தோன்றுவதாகவும், உங்கள் ஆலையில் என்ன சீல் போடுகிறீர்கள் என்றும் ஓமனில் ஒரு சிமெண்ட் ஆலையின் பராமரிப்புப் பொறியாளரைக் கேட்டாள். அன்று இரவே நீளமான பதில் வந்தது. கிரீஸ் எத்தனை நாளுக்கொரு முறை வைக்க வேண்டும் என்பதுவரை எழுதிவிட்டு, கடைசியில் "எந்த ஊரும்மா நீ?" என்று கேட்டிருந்தார். அவருக்கு ஜெயங்கொண்டம். சில மாதம் கழித்து, ஓசூரில் தன் நண்பர் இருக்கும் நிறுவனத்தில் டிரெய்னி எடுக்கிறார்கள் என்று அவரே சொன்னார். அவர் செய்த சிபாரிசு அவ்வளவுதான். தேர்வையும் நேர்காணலையும் அவளே எழுதி, பேசி, உள்ளே போனாள்.

அவள் எழுதிய முறையை வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். அதேபோலக் கவனமாக எழுதிய இன்னொரு மாணவனுக்கு ஒருவரும் பதில் எழுதவில்லை. அதனால்தான் மாணவர்களை விட்டுவிட்டு, வெளியே போய் நிலைபெற்றவர்களிடம் இதைச் சொல்கிறேன்.

லெப்பைக்குடிக்காட்டிலிருந்தும் வி.களத்தூரிலிருந்தும் வளைகுடா போனவர்கள், சிங்கப்பூரில் சேஃப்டி படித்துத் தேறியவர்கள், ஓ.எம்.ஆர். அலுவலகங்களில் அணித் தலைவரானவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கும் யாரோ ஒருவர் வழி சொல்லியிருப்பார். நீங்கள் பேசாமல் இருக்கும் இடத்தில் வேறு ஆட்கள் வந்து பேசுகிறார்கள். டெலிகிராமில் ‘டேட்டா என்ட்ரி, தாய்லாந்து, விசா இலவசம்’ என்று எழுதுகிறவன், கேட்ட ஒரு நிமிடத்துக்குள் பதில் போட்டுவிடுகிறான். அப்படி நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரிலும் கம்போடியாவிலும் அடைபட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். பதிவு பெற்ற முகவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். ஆனால் அப்படியொரு தளம் இருப்பதையே முதலில் ஒருவர் சொல்ல வேண்டுமே!

வேலை வாங்கித் தரச் சொல்லவில்லை. ‘வேகன்சி சார்’ என்று மொட்டையாக வந்தாலும், "என்ன ப்ராஜெக்ட் செய்தாய்?" என்று திருப்பிக் கேளுங்கள். எந்தச் சான்றிதழுக்குப் பணம் கட்டலாம், எதற்குக் கட்டுவது வீண் என்று சொல்லுங்கள். ஒரு ஆஃபர் கடிதத்தைக் காட்டி இது நிஜமா என்று கேட்டால் விசாரித்துச் சொல்லுங்கள். தமிழிலேயே எழுதலாம் என்றும் ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள். ஆங்கிலத்துக்குப் பயந்தே கேட்காமல் இருக்கும் பிள்ளைகள் என் வகுப்பில் நிறையப் பேர்.