அஞ்சல் எண் பார்த்துத்தான் வியர்வையை எண்ணுவார்களா?

என் அக்கா மகன் ஆஸ்திரேலியாவில், வடக்குக் குவீன்ஸ்லாந்தில் ஒரு வாழைத் தோட்டத்தில் தார் சுமக்கிறான். வேலை கஷ்டம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "சித்தி, இந்த வாரமும் மழை. ரெண்டு நாள்தான் கூப்பிட்டாங்க" என்பதுதான் அவன் புலம்பல். பெசன்ட் நகரில் உட்கார்ந்துகொண்டு நாங்களும் அவனோடு சேர்ந்து நாள் எண்ணுகிறோம்.

அவன் போனது 462 என்கிற வொர்க் அண்ட் ஹாலிடே விசாவில். 2022 டிசம்பரில் அமலுக்கு வந்த இந்திய–ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தம் திறந்துவிட்ட வழி அது. 18 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு, ஆண்டுக்கு 1,000 இடம், குலுக்கல் முறையில். 2024 அக்டோபரில் முதல் குலுக்கலுக்குப் பதிவு தொடங்கிய இரண்டே வாரத்தில் சுமார் 40,000 பேர் முண்டியடித்தார்கள்.

அப்படிக் கிடைத்த விசா ஒரு வருஷத்துக்குத்தான். இரண்டாவது வருஷம் வேண்டுமென்றால் குறிப்பிட்ட பகுதிகளில், குறிப்பிட்ட தொழில்களில் மூன்று மாதம் உழைத்திருக்க வேண்டும். மூன்றாவதுக்கு இன்னும் ஆறு மாதம். வாரம் முழுக்க வேலை கிடைத்தால் விடுமுறையும் சேர்ந்து ஏழு நாளாகக் கணக்கு. மழையில் தோட்டக்காரர் கூப்பிடாவிட்டால் போன நாள் போனதுதான். வானம் பெய்வதற்கு இந்தப் பையன் என்ன செய்வான்?

எந்த வேலை சேரும் என்பது அதைவிடக் கொடுமை. மகர ரேகைக்கு வடக்கே இருக்கிற கெய்ன்ஸில் காபி பரிமாறினால் சேரும். பிரிஸ்பேனில் அதே காபியைப் பரிமாறினால் சேராது. 417 என்கிற இன்னொரு விடுமுறை-வேலை விசாவில் வரும் ஐரோப்பியப் பிள்ளைக்குச் சுரங்க வேலை சேரும். நம் பிள்ளைக்குச் சேராது. எல்லாம் அஞ்சல் எண்ணும் விசா எண்ணும் பார்த்துத்தான். உழைப்பைப் பார்ப்பாரில்லை.

இதில் பிரிட்டிஷ்காரர்களுக்கு மட்டும் 2024 ஜூலை 1 முதல் இந்த நிபந்தனையே கிடையாது. தோட்டத்தில் கால் வைக்காமலே மூன்று வருஷம் இருக்கலாம். அவர்களுக்கும் ஒரு வர்த்தக ஒப்பந்தம், நமக்கும் ஒரு வர்த்தக ஒப்பந்தம். பந்தியில் ஏன் இந்த ஓரவஞ்சனை?

என் வயிற்றைக் கலக்குவது வேறு. அடுத்த வருஷ விசா சம்பளச் சீட்டைப் பொறுத்தது என்றால், சீட்டுக் கொடுக்கிறவன் வைத்ததுதான் சட்டம். கூலியைக் குறைத்தாலும், படுக்கைக்கு அநியாய வாடகை பிடித்தாலும் பையன் வாய் திறக்க மாட்டான். பழம் பறிக்கும் பண்ணைகளைப் பற்றி அந்த நாட்டின் தொழிலாளர் சட்டக் கண்காணிப்பு அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன் 2018-இல் கொடுத்த அறிக்கையே, சோதித்த முதலாளிகளில் பாதிக்கு மேல் சட்டத்தை மீறியதாகச் சொன்னது. இது தெரிந்தும் நிபந்தனையை வைத்திருப்பது எந்த நியாயம்?

ஆகவே, கிளம்பப்போகும் பிள்ளைகளே, வேலைக்குச் சேருமுன் அந்த ஊரின் அஞ்சல் எண்ணையும் தொழிலையும் அரசு இணையதளத்தில் சரிபாருங்கள். சம்பளச் சீட்டு தராத இடத்தில் ஒருநாளும் நிற்காதீர்கள். டெல்லியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆஸ்திரேலியாவோடு அடுத்த சுற்று வர்த்தகப் பேச்சில் பருப்புக்கும் ஒயினுக்கும் வரி பேசும்போது, பிரிட்டனுக்குக் கொடுத்ததை எங்கள் பிள்ளைகளுக்கும் கேட்டு வாங்குங்கள்.