வாசலில் நிற்கவும் கட்டணம்!

சர்க்கார் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்த தோழர் ஒருவரின் மகன், அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் ரெசிடென்ட் டாக்டராகச் சேர விண்ணப்பம் தயாரித்துக்கொண்டிருக்கிறான். கெட்டிக்காரப் பையன். “எல்லாம் திறமையைப் பொறுத்தது, மாமா” என்றான். திறமை வேண்டியதுதான். ஆனால், அந்தத் திறமையை நிறுக்கும் தராசு யார் கையில் இருக்கிறது?

அமெரிக்காவில் மருத்துவப் படிப்பு முடித்தவர், துறைக்குத் தக்கபடி 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை ஓர் ஆஸ்பத்திரியில் ரெசிடென்டாக வேலை செய்கிறார். செப்டம்பரில் விண்ணப்பம். பிறகு பேட்டி. மாணவர் ஆஸ்பத்திரிகளை வரிசைப்படுத்துகிறார். ஆஸ்பத்திரிகள் மாணவர்களை வரிசைப்படுத்துகின்றன. மார்ச் மாதம் கம்ப்யூட்டர் ஜோடி சேர்க்கிறது. இதற்கு ‘மேட்ச்’ என்று பெயர். எந்த ஆஸ்பத்திரி விழுகிறதோ அங்கேதான் சேர வேண்டும். இரண்டு இடத்தை ஒப்பிட்டுச் சம்பளம் பேச வழியில்லை. வேலை நேரம் பேசவும் வழியில்லை.

இந்த வரிசையில் நிற்பதற்கே பணம்! 2025-ஆம் ஆண்டுப் பருவத்தில், ஒரு துறையில் முதல் 30 இடங்களுக்குத் தலா 11 டாலர்; அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 30 டாலர். 100 இடங்களுக்கு விண்ணப்பித்தால் 2,430 டாலர்! பரீட்சைக் கட்டணங்கள் தனி. அந்நாட்டில் கடன் வாங்கிப் படித்த மாணவர்களில் பாதிப்பேர் தலையில் ஏற்கெனவே 2 லட்சம் டாலர் அல்லது அதற்கு மேல் கடன். பஞ்சாலை வாசலில் பதிலித் தொழிலாளியை விடியற்காலையில் காக்க வைத்த முதலாளிகூட, காத்திருப்பதற்கு அவனிடம் காசு வசூலித்ததில்லை!

ஒருவர் ஏன் 100 இடங்களுக்கு விண்ணப்பிக்கிறார்? பேராசையா? இல்லை, பயம்! இந்தப் பயம் வானத்திலிருந்து விழவில்லை. ரெசிடென்ட் பயிற்சிக்குப் பெரும்பணம் தருவது மெடிகேர் என்ற அரசாங்க வைத்திய நிதி. 1997-ல் பட்ஜெட்டைச் சமன் செய்கிறோம் என்று சொல்லி, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் 1996-ல் இருந்த எண்ணிக்கைக்கு மேல் பணமில்லை என்று அமெரிக்கக் காங்கிரஸ் வரம்பு கட்டியது. 2020 டிசம்பரில்தான் நாடு முழுவதற்கும் 1,000 இடங்களைச் சேர்த்தார்கள். அதையும் ஆண்டுக்கு 200-க்கு மேல் தருவதில்லை என்ற நிபந்தனையோடு! ஆஸ்பத்திரிகள் தம் செலவில் சேர்த்துக்கொண்ட இடங்களும் உண்டு. ஆனால், எந்தத் துறையில் எத்தனை இடம் என்று தீர்மானிப்பது நிர்வாகத்தின் கணக்குப் புத்தகமே. நோயாளியின் தேவை அல்ல.

2024-ல் அமெரிக்க எம்.டி. மாணவர்களில் 100-க்குச் சுமார் 93 பேருக்கு இடம் கிடைத்தது. அயல்நாட்டில் படித்த அயல்நாட்டு டாக்டர்களில் 100-க்குச் சுமார் 58 பேருக்கே கிடைத்தது. இடம் கிடைக்காதவன் “என் விண்ணப்பம் சரியில்லை” என்று தன்னையே நொந்துகொள்கிறான். குற்றம் செய்தவன் தப்பிவிடுகிறான், அடிபட்டவன் தலைகுனிகிறான்!

“இந்த முறை 1952-ல் வந்த பிறகுதான் ஒழுங்கு ஏற்பட்டது, அதற்கு முன் ஆஸ்பத்திரிகள் படிப்பு முடியும் முன்பே மாணவர்களை இழுத்துப் போட்டன” என்கிறார்கள் இதை ஆதரிப்பவர்கள். உண்மைதான். ஒழுங்கு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒழுங்கு யாருடைய கையைக் கட்டுகிறது? 2002-ல் ரெசிடென்ட் டாக்டர்கள், ‘ஆஸ்பத்திரிகள் கூடிச் சம்பளத்தை அமுக்குகின்றன’ என்று ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தார்கள். நடந்தது என்ன? 2004-ல் ஓய்வூதிய நிதி பற்றிய ஒரு சட்டத்துக்குள் ஒரு பிரிவைச் செருகினார்கள்: மேட்ச் முறையில் பங்குகொள்வது சட்டமீறல் ஆகாது, வழக்கில் அதைச் சாட்சியமாகவும் காட்டக் கூடாது! அதே ஆண்டில் வழக்கு தள்ளுபடியானது. போட்டியே எங்கள் உயிர் என்று உலகத்துக்கு உபதேசிக்கும் நாடு, தொழிலாளியின் சம்பளம் என்று வந்ததும் போட்டிக்குப் பூட்டுப் போட்டது!

“பின்னால் கொள்ளையாகச் சம்பாதிப்பார்களே!” என்பார்கள். நாளைய விருந்தைக் காட்டி இன்றைய உழைப்பைப் பறிக்கலாமா? சராசரியாக வாரத்துக்கு 80 மணி நேரம் வரை வேலை வாங்க விதி அனுமதிக்கிறது. ஒரே மூச்சில் 24 மணி நேரம். பிறகு நோயாளிகளை ஒப்படைக்க மேலும் 4 மணி நேரம்! தூங்காத டாக்டரின் கத்திக்கு அடியில் படுத்திருப்பவர் யார்? சாதாரண ஜனங்கள் அல்லவா?

வழி இல்லையா? உண்டு. நியூயார்க் டாக்டர்கள் 1957-லேயே ரெசிடென்ட்டுகளுக்கென்று சங்கம் கண்டார்கள். 1975-ல் வேலை நேரத்தைக் குறைக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். 2023 மே மாதம், குவீன்ஸ் பகுதியில் எல்ம்ஹர்ஸ்ட் பொது ஆஸ்பத்திரியின் 150-க்கு மேற்பட்ட ரெசிடென்ட்டுகள் மூன்று நாள் வெளியே வந்தார்கள். அவர்களில் பலர் அயல்நாடுகளில் படித்தவர்கள். மன்ஹாட்டனில் இதே வேலை செய்தவர்களைவிட ஆண்டுக்குச் சுமார் 7,000 டாலர் குறைவாகப் பெற்றவர்கள். மூன்றாண்டுகளில் 18 சதவீத உயர்வு என்ற ஒப்பந்தத்தோடு திரும்பினார்கள். தனித்தனி விண்ணப்பத்தால் கிடைக்காதது, ஒன்றுபட்ட குரலுக்குக் கிடைத்தது!

தம்பி, நமது ஜனங்களின் வரிப்பணத்தில் படித்தவன் நீ, அதை மறக்காதே. விண்ணப்பத்தை நன்றாகவே எழுது. ஆனால் இடம் கிடைக்காவிட்டால் உன்னைத் தாழ்த்திக்கொள்ளாதே. கிடைத்தால், முதல் நாளே இன்னொரு விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போடு. அது சங்கத்தில் சேரும் விண்ணப்பம். அதற்குக் கம்ப்யூட்டரின் தயவு வேண்டியதில்லை!