எந்தச் சீட்டு எதற்கு?

ஜெனிவாவில் கூடிய உலக சுகாதார சபை, 2025 மே 20-ஆம் தேதி பெருந்தொற்று ஒப்பந்தம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. அடுத்த கொள்ளைநோய் வரும்போது சோதனைக் கருவிகளும் மருந்துகளும் தடுப்பூசிகளும் பணக்கார நாடுகளோடு நின்றுவிடாமல் ஏழை நாடுகளையும் எட்ட வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. வரவேற்க வேண்டிய முயற்சிதான். ஆனால் நாடுகளுக்கு இடையே நியாயம் பேசுகிறவர்கள், ஒரே ஊருக்குள் பட்டறை வாசலிலும் ரயில் நிலைய வாசலிலும் நடந்ததையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கொரோனாக் காலத்தில் மும்பைத் தொழிலாளியின் பிழைப்பு ஒரு துண்டுச் சீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சீட்டு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது அதைக் கேட்ட பல முதலாளிகளுக்கும் தெரியாது. கொண்டுவந்து கொடுத்த பல தொழிலாளிகளுக்கும் தெரியாது.

2020 மார்ச் 22 நள்ளிரவோடு மும்பையின் லோக்கல் ரயில்கள் நின்றன. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. கையிலிருந்த காசு தீர்ந்து, சொந்த ஊருக்குத் திரும்பிய தமிழர்கள் ஏராளம். ஜூனில் தளர்வுகள் தொடங்கியதும் கடைகளும் பட்டறைகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. வேலைக்குத் திரும்பியவர்களிடம், “டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கிறதா?” என்று பல இடங்களில் கேட்டார்கள். கேட்டது தவறல்ல, நோய் பரவாமல் காக்க வேண்டியது கடமை. ஆனால் எந்த டெஸ்ட் என்று கேட்டவர்கள் மிகச் சிலர்.

அடிப்படையில் கேள்விகள் மூன்று. இவர் உடலில் இப்போது கிருமி இருக்கிறதா? முன்பு எப்போதாவது வந்து போயிருக்கிறதா? இனி வந்தால் உடல் தாங்குமா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. ஒரு கேள்விக்குக் கிடைத்த பதிலை இன்னொரு கேள்விக்குப் பதிலாகக் காட்டுவது, தாதர் டிக்கெட்டை வைத்துக்கொண்டு சென்னை மெயிலில் ஏறுவதைப் போன்றது.

முதல் கேள்விக்குப் பதில் சொல்வது ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை. மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சி விட்டுச் சளி எடுப்பார்கள். கிருமியின் மரபுப்பொருள் அதில் சிறிதளவு இருந்தாலும், ஆய்வகத்தில் அதைக் கோடிக்கணக்கான நகல்களாகப் பெருக்கிக் கண்டுபிடித்துவிடலாம். நம்பகமான சோதனை, ஆனாலும் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. கிருமி தொற்றிய முதல் இரண்டொரு நாளில் எடுத்தால் அது பெரும்பாலும் அகப்படாது. திங்கட்கிழமை ‘இல்லை’ என்று வந்தவருக்கு வியாழக்கிழமை காய்ச்சல் வரலாம். ஆகவே அந்தச் சீட்டு அன்றைய டிக்கெட். மாத சீசன் பாஸ் அல்ல.

இன்னொரு விஷயம் இதற்கு நேர் எதிரானது. நோய் குணமான பிறகும், கிருமியின் சிதைந்த துணுக்குகள் சில வாரங்கள் வரை சோதனையில் தென்படக்கூடும். அவரிடமிருந்து பிறருக்குப் பரவும் காலம் அதற்கு முன்பே முடிந்திருக்கும். இதை அறிந்துதான் மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மே 8-ஆம் தேதி விதியை மாற்றியது. லேசான நோயாளிக்குக் காய்ச்சல் தணிந்து, அறிகுறி தொடங்கிப் பத்து நாள் கழிந்திருந்தால், மறுசோதனை இல்லாமலே வீட்டுக்கு அனுப்பலாம் என்றும், அதன்பின் ஏழு நாள் வீட்டில் தனித்திருந்தால் போதும் என்றும் அது சொன்னது. அரசாங்கமே வேண்டாம் என்று சொன்ன மறுசோதனைச் சீட்டைக் கொண்டுவந்தால்தான் வேலை என்று சில நிர்வாகங்கள் பிடிவாதம் பிடித்தன. நோய் போன பிறகும் கூலி திரும்பி வரவில்லை.

அரை மணிக்குள் பதில் தரும் ஆன்டிஜென் சோதனை 2020 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. இது ‘உண்டு’ என்று சொன்னால் பெரும்பாலும் உண்மை. ‘இல்லை’ என்று சொன்னால் அப்படியே நம்பிவிட முடியாது. நோயுள்ள நூறு பேரில் ஏறக்குறைய 50 முதல் 84 பேரையே அது கண்டுபிடித்ததாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மதிப்பீடு கூறியது. அதனால்தான், அறிகுறி இருந்தும் ‘இல்லை’ என்று வந்தால் ஆர்.டி.பி.சி.ஆர். எடுக்க வேண்டும் என்று அந்தக் கழகம் வலியுறுத்தியது. வாசலில் நின்ற சூப்பர்வைசர்களில் எத்தனை பேருக்கு இது சொல்லப்பட்டது?

அடுத்தது ரத்தத்தில் பார்க்கும் ஆன்டிபாடி சோதனை. கிருமி நுழைந்ததும் அதை எதிர்க்க உடல் தயாரிக்கும் பொருளே ஆன்டிபாடி. அது சோதனையில் தெரியும் அளவுக்குச் சேர ஒன்று முதல் மூன்று வாரம் பிடிக்கும். எனவே இன்று நோய் இருக்கிறதா என்று அறிய இது உதவாது. முன்பு கிருமி வந்து போயிருக்கலாம் என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். 2020 ஏப்ரலில் அவசரமாக வெளிநாட்டிலிருந்து தருவித்த துரித ஆன்டிபாடிக் கருவிகள் மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டன. அவை சரியாக வேலை செய்யவில்லை என்று ராஜஸ்தான் புகார் சொன்னது. அந்த மாதத்துக்குள்ளேயே அவற்றை நிறுத்திவிடும்படி ஆராய்ச்சிக் கழகம் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது.

கருவி நல்லதாகவே இருக்கட்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறொரு சிக்கல் தெரியும். ஒரு வட்டாரத்தில் ஆயிரம் பேர். அவர்களில் உண்மையில் நோய் வந்து போனவர்கள் இருபது பேர். கருவி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை சரியாகச் சொல்லும் என்று வைத்துக்கொள்வோம். இருபது பேரில் 19 பேருக்கு ‘உண்டு’ என்று வரும். மீதி 980 பேரில் நூற்றுக்கு ஐந்து வீதம் 49 பேருக்கும் தவறாக ‘உண்டு’ என்று வரும். ஆக 68 சீட்டுகளில் 49 பொய்ச் சீட்டு. அந்த 49 பேரும், “எனக்கு வந்து போய்விட்டது, இனி பயமில்லை” என்று முகக்கவசத்தைக் கழற்றினால் என்ன ஆகும்? நோய் பரவலாக இருக்கும் ஊரில் இந்தப் பிழை குறையும். அரிதாக இருக்கும் ஊரில் கூடும். ‘95 சதவீதம் சரி’ என்ற விளம்பரத்தை மட்டும் படித்தால் இது புரியாது.

ஆன்டிபாடி சோதனையே வீண் என்பதல்ல. ஒரு ஊரின் நிலையை அறிய அது அருமையான கருவி. 2020 ஜூலையில் மும்பையில் மாட்டுங்கா, செம்பூர், தகிசர் ஆகிய மூன்று வார்டுகளில் ஏறக்குறைய ஏழாயிரம் பேரிடம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்கும் மற்றப் பகுதிகளில் 16 சதவீதம் பேருக்கும் ஆன்டிபாடி இருந்தது. பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் படுத்து, பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நிற்பவர்களிடம் “ஆறடி தள்ளி நில்லுங்கள்” என்றால் எப்படி முடியும் என்பதற்கு அந்த இரண்டு எண்களே சாட்சி. அந்தக் கணக்கு மாநகராட்சிக்குப் பாடம். தனி மனிதருக்குப் பாதுகாப்புப் பத்திரம் அல்ல. டில்லியில் 2021 ஜனவரியில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஆன்டிபாடி இருப்பதாக ஆய்வு கூறியது. ஆபத்து நீங்கியது என்று பலர் எண்ணினார்கள். ஏப்ரலில் அதே டில்லியில் ஆக்ஸிஜன் இல்லாமல் ஆஸ்பத்திரிகள் தவித்தன. உருமாறிய டெல்டா கிருமி, பழைய சீட்டுகளை மதிக்கவில்லை. ஒருமுறை நோய் வந்தவருக்கு மறுமுறை வராது என்பதற்கு ஆதாரமில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 ஏப்ரல் 24-ஆம் தேதியே எச்சரித்திருந்ததும் நினைவுகூரத்தக்கது.

மூன்றாவது கேள்விக்குப் பதில் தடுப்பூசி. மும்பைக்கு இது புதிய கதையல்ல. பிளேக் இந்நகரை உலுக்கியபோது, 1897 ஜனவரி 10-ஆம் தேதி பைகுல்லாவில் தாம் தயாரித்த மருந்தை முதலில் தம் உடம்பிலேயே போட்டுக்கொண்டார் ஹாஃப்கின். பரேலில் உள்ள நிலையம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கொரோனாத் தடுப்பூசி இந்தியாவில் 2021 ஜனவரி 16-ஆம் தேதி தொடங்கியது. கோவாக்சின், கொல்லப்பட்ட கிருமியால் ஆனது. கோவிஷீல்டு, பெருக முடியாதபடி மாற்றிய வேறொரு வைரஸின் மூலம் கொரோனாவின் முள் பகுதியை மட்டும் உடலுக்கு அடையாளம் காட்டுவது. இரண்டாலும் கொரோனா வராது. ஊசிக்கு மறுநாள் வரும் காய்ச்சல், உடல் பாடம் படிப்பதன் அறிகுறி. ஊசி போட்டதால் ஆர்.டி.பி.சி.ஆர். ‘உண்டு’ என்று காட்டாது.

ஊசி போட்ட பிறகு காசு கொடுத்து ஆன்டிபாடி அளவு பார்த்தவர்களும் உண்டு. சில கருவிகள் கிருமியின் உட்பகுதிக்கு எதிரான ஆன்டிபாடியை மட்டுமே பார்ப்பவை. கோவிஷீல்டு போட்டவருக்கு அவற்றில் ‘இல்லை’ என்றே வரும்; ஊசி பலிக்கவில்லை என்று அஞ்ச வேண்டியதில்லை. அதுபோலவே, ஊசி போட்டவருக்கு நோயே வராது என்பதும் சரியல்ல. 2021 இறுதியில் வந்த ஒமைக்ரான், ஊசி போட்டவர்களையும் பிடித்தது. ஆனால் நோய் முற்றி ஆஸ்பத்திரிக்குப் போவதையும் சாவதையும் ஊசி வெகுவாகக் குறைத்தது. உயிர் காத்தது என்பதே அதன் பெருமை. அதனால்தான் ஊசிக்குப் பிறகும் பட்டறையில் காற்றோட்டமும், நெரிசலில் முகக்கவசமும், காய்ச்சல் வந்தவருக்கு விடுமுறையும் தேவைப்பட்டன.

இனி ரயில் விஷயம். இரண்டு ஊசியும் போட்டு 14 நாள் ஆனவர்கள் லோக்கல் ரயிலில் போகலாம் என்று 2021 ஆகஸ்ட் 15 முதல் அனுமதி வந்தது. கேட்க நியாயமாகவே இருந்தது. கணக்கைப் பாருங்கள். 18 வயது முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்கு ஊசி திறந்துவிடப்பட்டது மே 1-ஆம் தேதி. கோவிஷீல்டு இரண்டாம் ஊசிக்கு 84 நாள் காத்திருக்க வேண்டும் என்று மே மாதத்தில் விதி வந்தது. முதல் நாளே ஊசி கிடைத்த அதிர்ஷ்டசாலிக்கு இரண்டாம் ஊசி ஜூலை 24. ரயில் ஏறும் தகுதி ஆகஸ்ட் 7. மருந்துத் தட்டுப்பாட்டால், மத்திய அரசின் இலவசத் திட்டம் விரிந்த ஜூன் 21-ஆம் தேதிதான் ஊசி கிடைத்தது என்றால், செப்டம்பர் 27 வரை பிளாட்பாரத்துக்கு வெளியேதான் நிற்க வேண்டும். குடும்பத்துக்குச் சம்பாதிக்கும் வயதினர்தான் இவர்கள். முன்பதிவுக்கான கோவின் தளத்தில் ஜூன் மாதம் பல இந்திய மொழிகள் சேர்க்கப்பட்டபோது தமிழ் முதலில் இல்லை. கேள்வி எழுந்த பிறகே சேர்ந்தது. செல்போனில் ஆங்கிலம் படித்து, நொடியில் பதிவு செய்யத் தெரிந்தவருக்கு ஊசி. மற்றவருக்குக் காத்திருப்பு என்ற நிலை அதற்குள் உருவாகிவிட்டது.

அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்று யாரும் ஜோசியம் சொல்ல முடியாது. வருவதற்கு முன்பே செய்து வைக்கக்கூடியவை சில உண்டு. வேலைக்கு வரச் சோதனை வேண்டும் என்று சொல்லும் நிர்வாகம், அதற்கான செலவையும் அன்றைய கூலியையும் ஏற்க வேண்டும் என்று அரசு சட்டமாக்க வேண்டும். தொடக்கத்தில் தனியார் ஆய்வகத்தில் ஆர்.டி.பி.சி.ஆர். கட்டண உச்சவரம்பு 4,500 ரூபாய் என்பதை மறந்துவிடலாகாது. மகாராஷ்டிரத்தில் அது 500 ரூபாய்க்கு இறங்கியது 2021-இல்தான். ஆன்டிபாடிச் சீட்டை வேலைக்கோ பயணத்துக்கோ நிபந்தனையாக்குவதைத் தடை செய்ய வேண்டும். ஊசியை நிபந்தனையாக்கினால், எல்லோருக்கும் ஊசி கிடைத்து, இடைவெளி நாட்களும் கழிந்த பிறகே அது அமலுக்கு வர வேண்டும். தொழிற்பேட்டைகளிலும் குடிசைப் பகுதிகளிலும் இரவு ஷிப்டு முடிந்து வருவோருக்கும் ஞாயிறு விடுமுறைக்காரர்களுக்கும் முகாம்கள் வேண்டும். அறிவிப்புகள் மராத்தியிலும் இந்தியிலும் மட்டுமின்றி, அந்தந்தப் பகுதியில் வாழும் தமிழர் முதலான மக்களின் மொழிகளிலும் ஒட்டப்பட வேண்டும்.

தொழிலாளர்களுக்கும் ஒரு கடமை உண்டு. சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொள்வதற்கு முன், இது எந்தச் சோதனை, எந்தத் தேதி, இதற்கு என்ன பொருள் என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கமில்லை. சங்கங்களும் தமிழ் மன்றங்களும் இதை எடுத்துச் சொல்லலாம். கூலிச் சீட்டில் ஒரு ரூபாய் குறைந்தால் கேட்கும் தொழிலாளி, உயிரையும் வேலையையும் தீர்மானிக்கும் சீட்டைப் பற்றிக் கேட்காமல் இருக்கலாமா?